கசநோயும் தனிப் பீங்கானும்

என் இளமைக் காலத்தில் கல்முனைப் பக்கத்தில் கசநோய் என்ற சொல்லை எவரும் உரக்கச் சொல்வதில்லை. "நெஞ்சு வருத்தம்" என்பார்கள். பேச்சு அத்துடன் நின்றுவிடும். நோயாளிக்குத் தனிப் பீங்கான், தனிக் கோப்பை, விறாந்தை ஓரத்தில் தனிப் பாய். கல்யாணம் பேச வருபவர்களும் அந்த வீட்டின் இருமலைப் பற்றி மெல்ல விசாரித்துவிட்டே மேலே பேசுவார்கள்.

பீங்கானைப் பிரித்தவர்கள் ஜன்னலைத் திறக்கவில்லை. கசநோய்க் கிருமியை ரொபர்ட் கொக் 1882 மார்ச் 24ஆம் திகதி உலகுக்கு அறிவித்திருந்தார். அது பாத்திரத்தால் பரவுவதில்லை. நோயாளி இருமும்போது காற்றில் கலந்து, அடைத்த அறையில் நெடுநேரம் மிதந்து, பிறர் நெஞ்சுக்குள் போகிறது.

ஒதுக்கிவைப்பதையே அன்றைய மருத்துவமும் நம்பியிருந்தது. நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை: இவற்றுக்காகவே சானடோரியங்கள் கட்டப்பட்டன. தாம்பரத்துக்கு அருகே ஒரு ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டும், 1948இல் புதுமைப்பித்தனை இந்நோய் கொண்டுபோயிற்று. 1952இல் ஐசோனியசிட் வந்தது. மருந்து வந்துவிட்டது, இலட்சக்கணக்கான ஏழை நோயாளிகளுக்குக் கட்டிலுக்கு எங்கே போவது?

இதற்கு விடை தேடி 1956இல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கைகோத்தன. தலைமை தாங்கியவர் வாலஸ் ஃபொக்ஸ். நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே, குறைந்த உணவோடும் குறைந்த ஓய்வோடும், அதே மாத்திரைகளை ஓராண்டு விழுங்கினார்கள். 1959இல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் 92 வீதமானோருக்கும் வீட்டில் 86 வீதமானோருக்கும் நோய் அடங்கியிருந்தது. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது அந்தச் சிறு வித்தியாசமும் மறைந்திருந்தது. எல்லாவற்றையும்விட என்னை வியக்கவைப்பது வேறு: வீட்டில் சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. சிகிச்சை தொடங்குமுன்பே தொற்ற வேண்டியது தொற்றிவிடுகிறது. மருந்து உள்ளே போனபின் பரப்பும் வேகம் விரைவில் தணிகிறது. மருதமுனையின் தறி வீடுகளையும் சாய்ந்தமருதின் ஒட்டி நிற்கும் வளவுகளையும் அறிந்த எவருக்கும் இந்த முடிவின் பெறுமதி விளங்கும்.

இன்று கல்முனையிலேயே மார்பு நோய் சிகிச்சை நிலையம் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைக் கொடுத்துப் பார்க்கலாம். பரிசோதனையும் மருந்தும் இலவசம். வழமையான நோய்க்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் இரண்டு. சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் பயப்பட வேண்டாம். அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம்.

இரண்டாம் மாதத்தில் இருமல் நின்றுவிடும், உடம்பு தேறிவிடும். அங்கேதான் பலர் மாத்திரையை நிறுத்துகிறார்கள். எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறவும் கூடும். பிறகு சிகிச்சை நீளும், கடுமையாகும். நோன்பு மாதம் இடையில் வந்தால், வெறும் வயிற்றில் விழுங்கும் மாத்திரையை என்ன செய்வதென்று கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டவர்களை நான் அறிவேன். நோயாளிக்கு நோன்பில் சலுகை இருக்கிறது. நோன்பு பிடிக்க உடம்பு இடங்கொடுத்தாலும், மாத்திரைக்கு வேறு வேளை குறித்துத் தர முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.