நிரோதிப்பும் நெகிழ்வும்: வளர்ந்த மூளை பற்றிய கருத்தின் வரலாறு

வளர்ந்தோரின் மூளை மாற்றமுறுமா என்னும் வினா உடற்றொழிலியலுக்கு மட்டும் உரியதன்று. மனிதன் தன் சூழலாலும் தொழிலாலும் எக்காலத்தும் புதிதாக உருவாகக் கூடியவனா, அன்றி இளமையிலே வார்க்கப்பட்டு இறுகிவிடுபவனா என்ற வினாவும் அதனுள் அடங்கியுள்ளது. இவ்வினாவுக்கு அறிவியல் அளித்த விடை ஒரு நூற்றாண்டுக்குள் பெரிதும் மாறியுள்ளது. அம்மாற்றத்திலே, பிற நரம்புக்கலங்களின் செயலைத் தடுக்கும் நிரோதி நரம்புக்கலங்கள் பற்றிய அறிவுக்குத் தனிப் பங்குண்டு. அவ்வறிவு வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாக நோக்குகின்றது.

நிரோதிப்பு என்பது செயலின்மையன்று; அதுவும் ஒரு செயலே என்பதை 1845 ஆம் ஆண்டிலே வேபர் சகோதரர்கள் காட்டினர். வேகசு நரம்பைத் தூண்டியபோது இதயத்துடிப்புக் குன்றுவதை அவர்கள் கண்டனர். 1862 இல் பாரிசு நகரிலே குளோட் பேர்னாட்டின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ருசிய அறிஞர் இவான் செச்செனொவ், தவளை மூளையின் வெட்டுமுகத்தில் உப்புப் பளிங்கை வைத்தபோது முண்ணாணின் தெறிவினைகள் தளர்வுறுவதை நிறுவினார். சிந்தனை என்பது வெளிச்செயல் தடுக்கப்பட்ட தெறிவினையே என அவர் 1863 இல் எழுதினார். 1866 இல் அக்கட்டுரை நூலுருப் பெற்றபோது சார் ஆட்சியின் தணிக்கையாளர் அதனைப் பறிமுதல் செய்தனர்; வழக்கு மறு ஆண்டிலே கைவிடப்பட்டது. மூளையின் இயல்பு பற்றிய கூற்று ஆட்சியாளரை அஞ்சச் செய்தது என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

ஒரு தசை சுருங்கும்போது அதற்கு எதிரான தசை தளர்த்தப்படுவதை விளக்கிய ஷெரிங்ரன், 1932 இல் தாம் பெற்ற நோபெல் பரிசுக்கான உரையையே நிரோதிப்புப் பற்றியதாக அமைத்தார். 1950 இல் யூஜீன் ரொபேட்ஸ் முதலியோர் மூளையிலே காபா என்னும் அமினோவமிலத்தைக் கண்டனர். பின்னர் அதுவே மூளையின் தலையாய நிரோதிப்பொருளென உறுதியாயிற்று. 1951 இல் நியூசிலாந்திலே எக்கிள்ஸ் நரம்புக்கலத்தினுள் நுண்மின்வாயைச் செலுத்தி நிரோதிப்பின் மின்மாற்றத்தைப் பதிவு செய்தார். நரம்புக்கலங்களிடையேயான தொடர்பு மின்னாலேயே நிகழ்கின்றது எனத் தாம் நெடுங்காலம் வாதிட்ட கொள்கையை அப்பதிவு பொய்ப்பித்தமையால், அவர் அதனைக் கைவிட்டார்.

மறுபுறத்திலே, வளர்ந்த மூளையின் பாதைகள் மாற்றவியலாதவை என்ற கருத்து வேரூன்றியது. கஹால் 1913-14 இல் வெளியிட்ட நூலில் அத்தகைய தீர்ப்பையே வழங்கினார். எனினும் அதனை மாற்றும் பணியை எதிர்கால அறிவியலுக்கு விட்டுச்சென்றார். 1963 இல் வீசெலும் ஹியூபெலும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்து ஆராய்ந்தனர். மூடப்பட்ட கண்ணுக்கு மூளைய மேற்பட்டையிலே இருந்த இடம் பெரிதும் இழக்கப்பட்டது. வளர்ந்த பூனைகளில் இவ்விழப்பு நேரவில்லை. ஆகவே மாற்றத்துக்கு இடந்தரும் உருவாக்கப் பருவம் ஒன்று உண்டு என்பது தெளிவாயிற்று. குழந்தைப் பருவம் கடந்தபின் சோம்பற்கண்ணுக்குச் சிகிச்சை பயனற்றது என்ற எண்ணம் இதனால் மேலும் வலுப்பெற்றது.

அப்பருவத்தைத் திறப்பது எது? மூடுவது எது? 1998 இல் ஹென்ஷ், ஸ்ரைக்கர் முதலியோர், காபாவை ஆக்கும் நொதியங்களுள் ஒன்று அற்ற சுண்டெலிகளில் இந்நெகிழ்வு தோன்றாமையைக் கண்டனர். காபாவின் விளைவைப் பெருக்கும் டயசபாம் மருந்தை அளித்ததும் அது தோன்றியது. தடுக்கும் ஆற்றல் முதிர்ந்த பின்னரே மாற்றத்தின் வாயில் திறக்கின்றது என்பது எதிர்பாராத முடிவாகும். அவ்வாற்றல் மேலும் வலுப்பெற்று நிலைபெறும்போது அவ்வாயில் மூடவும் செய்கின்றது. ஒன்றே தன் வளர்ச்சியிலே எதிர்மறையாக மாறும் இயங்கியற் பண்பு இங்கே வெளிப்படுகின்றது. நிரோதி நரம்புக்கலங்கள் பலவற்றைச் சூழும் வலைபோன்ற உறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே கொல்கி விவரித்தார். கஹால் அதனைச் செயற்கைத் தோற்றமென ஒதுக்கினார். 2002 இல் பீசா நகர ஆய்வாளர், அவ்வுறையின் பகுதிகளை நொதியத்தாற் சிதைத்தபோது வளர்ந்த எலிகளில் நெகிழ்வு மீண்டது.

அதே நகரிலே 2007 இல் நிகழ்ந்த ஆய்வு எமது கவனத்துக்கு மிகவும் உரியது. இளமை முதல் ஒரு கண்ணின் பார்வை குன்றிய வளர்ந்த எலிகள், இயங்கவும் ஆராயவும் கூடி வாழவும் வாய்ப்புள்ள வளமான சூழலில் விடப்பட்டபோது பார்வையை மீளப் பெற்றன. மேற்பட்டையில் நிரோதிப்புக் குறைந்திருந்தது. டயசபாம் செலுத்தியபோது அம்மீட்சி தடைப்பட்டது. 2014-15 இல் ஸ்ரைக்கர் குழுவினர், சுண்டெலிகள் ஓடும்போது வேறொரு வகை நிரோதி நரம்புக்கலங்கள் ஏனைய நிரோதிகளையே அடக்கி நெகிழ்வை வளர்ப்பதைக் காட்டினர்.

இம்முடிவுகளை மனிதருக்கு அவசரமாகப் பொருத்துதல் தவறாகும். வளர்ந்த எலிகளில் நெகிழ்வை மீட்டதாக 2008 இல் அறியப்பட்ட புளுவொக்செற்றின் மருந்து, பிரித்தானியாவில் 3,127 பக்கவாத நோயாளருக்கிடையே நடந்து 2018 இல் வெளியான சோதனையில் அவர்களது செயற்றிறனை மேம்படுத்தவில்லை; எலும்பு முறிவுகளோ கூடின. கற்றதைப் பேணுதற்கு உறுதியும் வேண்டும் என்பதால், நிரோதிப்பை முற்றாக நீக்குதல் நலமாகாது. அது வலிப்புக்கே வழிவகுக்கும்.

எனினும் ஒன்று உறுதி. வளர்ந்த மூளையின் இறுக்கம் இயலாமையன்று. இடைவிடாது பேணப்படும் ஒரு நிலையாகும். பேணப்படுவது தளர்த்தப்படவும் கூடும். ஆகவே, முதியோர் கல்வியையும் நோயுற்றோரின் மறுவாழ்வையும் பயனற்றவையென ஒதுக்குவோர் இனி இயற்கையின் பெயரால் அவ்வாறு கூறவியலாது. சூழலை வளமாக்கும் பொறுப்பு சமூகத்துக்கே உரியது.