சுப்பிரமணியன், கே. ஜி.

கல்பாத்தி கணபதி சுப்பிரமணியன் (15 பிப்ரவரி 1924 – 29 ஜூன் 2016) ஓவியர், சுடுமண் கலைஞர், கலை எழுத்தாளர், ஆசிரியர். கேரளத்தின் கூத்துபறம்பில் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் படிக்கையில் விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். 1944இல் சாந்திநிகேதனின் கலாபவனில் சேர்ந்து நந்தலால் போஸ், வினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் ஆகியோரிடம் பயின்றார். 1951 முதல் பரோடாவிலும், 1980 முதல் சாந்திநிகேதனிலும் கற்பித்தார். மாணவர்களுக்கு அவர் ‘மணிதா’.

மரபைத் தோற்றமாகப் பார்க்காமல் வேலைமுறையாகப் பார்த்தவர் அவர். 1959–61இல் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புத் துறையில் பணியாற்றியபோது நெசவாளரின் கைத்திறனை அருகிலிருந்து அறிந்தார். பரோடா கலைக் கல்லூரிச் சந்தைக்காக மரம், தோல், மணிகள் கொண்டு பொம்மைகள் செய்தார். ஒரு பேராசிரியர் பொம்மை செய்வதைச் சிலர் பொழுதுபோக்காகக் கருதலாம்; உண்மையில் அவருடைய ஓவியத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

பழைய படங்களை அவர் வணங்கிவிட்டு ஒதுங்கவில்லை, அவற்றோடு விளையாடினார். ஜஹாங்கீர் காலத்து முகலாய ஓவியர் வரைந்த, சாகும் தறுவாயிலிருந்த அரசவையாளர் இனாயத் கானின் படம் ஆக்ஸ்போர்டு நூலகத்தில் உள்ளது. 1987இல் அங்கே தங்கியிருந்த சுப்பிரமணியன், அதே இனாயத் கான் ஆக்ஸ்போர்டைப் பார்ப்பதாகவே வரைந்துவிட்டார். மூலத்தை நன்கு உள்வாங்கியவருக்கே இந்தத் துணிச்சல் வரும். தஞ்சாவூரிலும் வழங்கிய கண்ணாடி ஓவிய முறையையும் எடுத்துக்கொண்டார். பின்புறமிருந்து வரைவதால் நுண்கோடுகள் முதலிலும் பின்னணி கடைசியிலும் வர வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் தேவிகள், பூனைகள், குரங்குகள், நடுத்தர வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரே சட்டத்தில் நெருக்கியடித்து நின்றார்கள்.

லக்னோ ரவீந்திராலயத்தின் வெளிச்சுவரில் தாகூரின் ‘ராஜா’ நாடகத்தைச் சிறுசிறு சுடுமண் ஓடுகளால் அமைத்தார் (1963). வங்கதேசப் போரையொட்டி 1970களின் தொடக்கத்தில் செய்த சுடுமண் பலகைகளில், தேய்த்த மாவைப் போலக் களிமண்ணை மடித்தும் கிள்ளியும் தளபதிகளை உருவாக்கினார். பதக்கம் தாங்கிய அந்த உருவங்கள் முதலில் சிரிப்பூட்டும், பிறகு நடுங்கவைக்கும். விளையாட்டு இங்கே கண்டனமாகிறது.

களிமண் கூழைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றிப் பீங்கான் பொம்மைகள் வார்க்கும் விருத்தாசலத்துக்கு இந்தப் பலகைகள் மிக நெருக்கமானவை. அச்சு ஒரே முகத்தைத் திரும்பத் திரும்பத் தரும். அதே களிமண்ணில் கையால் வேறு முகங்களையும் தேடலாம் என்பதை அவை காட்டுகின்றன. அங்குள்ள அரசுப் பீங்கான் பயிலகத்தில் படிப்பவர்கள் இவற்றைப் படங்களிலாவது பார்க்க வேண்டும்.

சாந்திநிகேதனில் கருப்பு வெள்ளையில் தீட்டிய சுவரோவியத்தை 2009இல், 85 வயதில், சாரத்தில் ஏறிப் புதிதாக வரைந்தார். 2012இல் பத்ம விபூஷண் பெற்றார். வடோதராவில் (பரோடா) காலமானார்.