பதினான்காம் சுற்று

சித்திரைப் புத்தாண்டு மலரில் இவன் என்ன குத்துச்சண்டையைப் பற்றி எழுதுகிறான் எண்டு சிலர் முகம் சுளிக்கக்கூடும். எங்கட பெடியள் இரண்டு மூன்று பேர் இப்போது குத்துச்சண்டை பழகப் போகிறார்கள். போகவேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் இந்தச் சண்டையின் கதையை அவர்களும் தாய் தகப்பன்மாரும் அறிந்திருக்க வேணும்.

1982 நவம்பர் 13. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில், சீசர்ஸ் பேலஸ் ஹோட்டலின் திறந்தவெளி அரங்கு. உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் இலகு எடைப் பட்டத்துக்கான போட்டி. பட்டத்தை வைத்திருந்தவர் ரே மன்சினி, வயது 21. ஒஹாயோ மாநிலத்தின் யங்ஸ்டவுன் ஊர்க்காரர். 1977இலிருந்து அந்த ஊரின் உருக்காலைகள் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்திருந்தார்கள். மன்சினியின் தகப்பனும் குத்துச்சண்டை வீரர்தான். இரண்டாம் உலகப்போரில் காயப்பட்டதால் அவருக்குப் பட்டத்துக்கு மோதக் கிடைக்கவில்லை. தகப்பனுக்குக் கிடைக்காததை மகன் வென்றபோது, வேலையிழந்த அந்த ஊரே அவரைத் தன் பிள்ளையாகத் தூக்கி வைத்திருந்தது.

எதிரில் நின்றவர் தென்கொரியாவின் கிம் டுக் கூ. சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர். சப்பாத்துத் துடைத்தும், உல்லாசப் பயணிகளுக்கு வழிகாட்டியும் பிழைத்தவர். ஊரில் கலியாணம் பேசிய பெண் வயிற்றில் பிள்ளையோடு காத்திருந்தாள். எடையை 135 இறாத்தலுக்குள் கொண்டுவரக் கடுமையாகப் பாடுபட்டார். தங்கியிருந்த அறையின் விளக்குக் கூட்டில் வாழ்வு அல்லது சாவு என்று கொரிய மொழியில் எழுதி வைத்திருந்தாராம்.

போட்டி 15 சுற்று. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. மன்சினியின் காது கிழிந்தது, கண் வீங்கியது. பிந்திய சுற்றுகளில் கிம் தளர்ந்தார். 13ஆம் சுற்றில் சரமாரியாக அடி வாங்கியும் விழவில்லை. 14ஆம் சுற்றுத் தொடங்கி 19 செக்கனில் எல்லாம் முடிந்தது. மன்சினியின் வலக்கைக் குத்தில் விழுந்தவர், கயிற்றைப் பிடித்து எழும்பினார். நடுவர் றிச்சர்ட் கிறீன் போட்டியை நிறுத்தினார். அதன்பின் கிம் நினைவிழந்தார். மூளையில் இரத்தக்கசிவு. சத்திரசிகிச்சை செய்தும் பலனில்லை, சில நாட்களில் உயிர் பிரிந்தது. கொரியாவிலிருந்து வந்த தாய்தான் உயிர்காக்கும் கருவியை நிறுத்தச் சம்மதம் கொடுத்தார்.

சில மாதங்களில் அந்தத் தாயும் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1983 யூலையில் நடுவர் கிறீனும் அவ்வாறே இறந்தார். இந்தச் சண்டைதான் காரணமென்று அவர் விடயத்தில் அடித்துச் சொல்ல என்னால் முடியாது.

கிம் இறந்து சில கிழமைகளுக்குள் உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் பட்டப்போட்டிகளை 12 சுற்றாகக் குறைத்தது. வேடிக்கை என்னவென்றால், இந்தப் போட்டியை அங்கீகரித்தது அந்தக் கவுன்சில் அல்ல. அங்கீகரித்த சங்கம் 1987 வரை 15 சுற்றை விடவில்லை. இன்னொரு அமைப்பான சர்வதேசக் குத்துச்சண்டைச் சம்மேளனம் 1988இல்தான் மாறியது. போட்டிக்கு முன் செய்யும் வைத்தியப் பரிசோதனைகளும் கூடின. எங்கட தொழிற்சாலையிலும் ஒருவரின் விரல் போனபிறகுதான் மெசினுக்கு மூடி போட்டார்கள். அதனால் இது எனக்குப் புதினமாகத் தெரியவில்லை. 12 சுற்று என்றிருந்தால் கிம் உயிரோடு போயிருப்பார் என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் என்னைக் கேட்டால், 13ஆம் சுற்றின்போதே யாராவது துவாயை எறிந்திருக்க வேணும். பயிற்சியாளர்மார் இதை வாசித்தால் நல்லது.

மன்சினி அதன்பின் பழைய மன்சினி இல்லை. 1984இல் பட்டத்தையும் இழந்தார்.

தகப்பன் இறந்து சில மாதங்களுக்குப் பின் பிறந்த கிம்மின் மகன் வளர்ந்து பல் வைத்தியம் படித்தான். 2011இல் அவனும் தாயும் அமெரிக்காவுக்கு வந்து மன்சினியை அவர் வீட்டில் சந்தித்தார்கள். உங்களில் பிழையில்லை என்று மன்சினியிடம் சொன்னது, தகப்பன் முகம் பாராத அந்தப் பிள்ளைதான்.