கேப்ஷன் வந்த கதை

டிவியில் பேசுவதை அப்படியே எழுத்தாகக் கீழே காட்டும் கேப்ஷன், காது கேளாதோருக்காக வந்த வசதி. 1972-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள டபிள்யூ.ஜி.பி.எச். நிலையம், ஜூலியா சைல்டின் 'தி ஃபிரெஞ்ச் செஃப்' சமையல் நிகழ்ச்சியை எழுத்தோடு ஒளிபரப்பியது. அந்த எழுத்தை யாராலும் மறைக்க முடியாது. 1980 மார்ச்சில், வேண்டியவர்கள் மட்டும் பார்க்கும் முறை வந்தது. ஆனால் அதற்குத் தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டும். 1990-ல் வந்த சட்டத்தால் அந்தச் செலவு தீர்ந்தது. 1993 ஜூலையிலிருந்து அமெரிக்காவில் விற்கும் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள டிவிகளில் அந்த வசதி உள்ளேயே இருக்க வேண்டும் என்றானது.

யூடியூபில் கேப்ஷன் 2008-ல் வந்தது. 2009 நவம்பரில் இயந்திரமே கேட்டு எழுதும் வசதியும் சேர்ந்தது. அதற்காக உழைத்த கூகுள் பொறியாளர் கென் ஹாரன்ஸ்டீன் காது கேளாதவர். பார்வையாளர்களே கேப்ஷன் எழுதித் தரும் வசதியை 2020 செப்டம்பரில் யூடியூப் நிறுத்தியது.

இப்போது ஏஐ ஏஜென்ட்டுகளின் காலம். ஒரு மென்பொருள் கருவியை இணைத்துக் கொடுத்தால் போதும், ஏஜென்ட்டே யூடியூபின் ஏபிஐ வழியாகப் பழைய கேப்ஷன் கோப்பை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துவிடும். நேரமும் மிச்சம், கூலியும் மிச்சம்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒன்று விடுபடுகிறது. ஆங்கிலத்தில் 'ஃபிஃப்டீன்' என்று மருத்துவர் சொன்னது கேப்ஷனில் 50 என்று விழுந்தால், காது கேட்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். கேப்ஷனை மட்டுமே நம்பியிருப்பவருக்கு 50தான் உண்மை. கோப்பை மாற்றும் முன் ஒரு மனிதர் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது அவருக்காகத்தான்.