வெருளியைப் பாடிய வாத்தியார்களும் வெருகல் பிள்ளைகளும்

1. கேள்வி

திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், மகாவலியின் கிளையொன்று கடலைச் சேரும் இடத்தில் இருக்கிறது வெருகல். ஆற்றைத் தாண்டினால் மட்டக்களப்பு மாவட்டத்து வாகரைப் பக்கம். சித்திரவேலாயுத சுவாமி கோயிலால்தான் ஊரின் பெயர் வெளியே தெரியும். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்துபோகும் அடியார்கள் இவ்வழியேதான் போவார்கள். புத்தகக் கடையால் பெயர்பெற்ற ஊர் இதுவல்ல.

சிறுவர் இலக்கியத்தை ஆராய்வோர் பெரும்பாலும் நூற்பட்டியலிலிருந்து தொடங்குவார்கள்: யார், எத்தனை நூல், என்ன விருது. பட்டியல் வேண்டியதுதான். ஆனால் அது எழுதியவரின் கணக்கு. வாசித்தவனின் கணக்கு அதில் இல்லை. ஆகவே இக்கட்டுரை மறுமுனையிலிருந்து கேட்கிறது: ஈழத்துச் சிறுவர் எழுத்தாளர் ஒருவரின் எழுத்து வெருகல் போன்ற ஊரிலுள்ள ஒரு பிள்ளையிடம் எந்த வழியாக வந்துசேர்கிறது? பெரும்பாலும் ஒரே வழிதான், பள்ளிக்கூடம். எழுதியவர்களும் அங்கிருந்தே வந்தார்கள். அந்த ஒற்றை வழி அவர்களுடைய வாசிப்பையும் எழுத்தையும் மட்டுமல்ல, எழுத்தின் உருவத்தையே தீர்மானித்தது என்பது என் துணிபு.

2. வகுப்பறையில் பிறந்த பாட்டு

ஆறுமுக நாவலர் 1850-ஐ ஒட்டி அச்சிட்ட பாலபாடங்கள் பிள்ளைகளுக்கென எழுந்த உரைநடை. தெளிவான நடைதான், ஆனால் அங்கே பேசுபவர் பெரியவர், பிள்ளை கைகட்டிக் கேட்பவன். இந்த நிலை மாற முக்கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. மாற்றியவர்களில் முதலில் சொல்லவேண்டியவர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953).

புலவர் வட்டுக்கோட்டையில் ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர். பதிகமும் பிரபந்தமும் பாடிய மரபுப் புலவர். சைவ இலக்கியத்தில் ஊறியவர். அவருடைய வாசிப்பு முழுவதும் பெரியவர்களுடையது. அப்படிப்பட்டவர் கத்தரித் தோட்டத்தில் நிற்கும் வெருளியைப் பாட்டுடைத் தலைவன் ஆக்கினார். வைக்கோலும் கந்தலுமாய் நிற்கும் அந்த உருவத்தைக் காவற்காரனாக விளித்து அதனோடு பேசுகிறது பாட்டு. மன்னனையும் தெய்வத்தையும் விளித்துப் பழகிய நாக்குத்தான் அதே முறையில் வெருளியையும் விளிக்கிறது. சிரிப்பு பிறக்கும் இடம் அதுவே. பிரபந்தம் படிக்காத ஒருவரால் அந்தக் கேலியை அவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது. பிள்ளைக்கு எழுதுகிறவர் பிள்ளைப் புத்தகம் மட்டும் படித்தால் போதும் என்று இன்று நம்புவோர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

‘ஆடிப்பிறப்பு’ இன்னும் நுட்பமானது. பள்ளிக்கூட விடுதலையில் தொடங்கி நேரே அடுக்களைக்குள் போகிறது. அரிசி இடிபடுகிறது, மா வறுபடுகிறது, பயறும் தேங்காயும் சர்க்கரையும் சேர்கின்றன, கூழ் கொதிக்கிறது, கொழுக்கட்டை அவிகிறது. அம்மாவின் கைவேலை ஒன்றன்பின் ஒன்றாக வர, பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளையின் கண் எங்கும் விலகவில்லை. அறிவுரை என்று தேடினால் ஒரு வரிகூடக் கிடைக்காது. நாவலரிலிருந்து புலவர் எவ்வளவு தூரம் வந்துவிட்டார் என்பதற்கு இந்த ஒரு பாட்டே போதும்.

இங்கே ஓர் ஆண்டைக் கவனிக்கவேண்டும். அவருடைய ‘சிறுவர் செந்தமிழ்’ தொகுதி 1955-இல், அவர் மறைந்தபின் வந்தது. பாட்டுகளோ அதற்கு வெகுமுன்பே பிள்ளைகளின் வாயில் இருந்தன. அவரைத் ‘தங்கத் தாத்தா’ ஆக்கியது அந்தப் புழக்கம்தான். கரும்பலகைதான் அவருக்குப் பதிப்பகம், மனனம்தான் விநியோகம். சந்தத்தை இறுக்கிக் கட்டியதும், ஒரு மூச்சில் சொல்லக்கூடிய அளவுக்கு அடியை நிறுத்தியதும் இந்தப் பதிப்பகத்துக்கு வேண்டியிருந்தவை.

3. அதிகாரிகளின் பங்கு

பள்ளிக்கூடங்களைப் பார்வையிட வந்த அதிகாரிகளும் இதில் சேர்ந்துகொண்டார்கள். கல்வி அதிகாரி க. ச. அருள்நந்தியின் முயற்சியில் போட்டி வைத்துத் திரட்டப்பட்ட ‘பிள்ளைப் பாட்டு’ 1935-இல் வெளிவந்தது. ஈழத்தில் குழந்தைக் கவிதை ஓர் இயக்கமாக எழுந்ததை இந்நூலிலிருந்து கணக்கிடுவது வழக்கம்.

கிழக்குக்கு வந்தால், வித்தியாதரிசி தி. சதாசிவ ஐயர் திரட்டிய ‘மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு’ 1940-இல் அச்சேறியது. வசந்தன் என்பது கையில் கோலோடு வட்டமாக ஆடும் கூத்து, சிறுவர்களும் ஆடுவது. வடக்கில் பிள்ளைக்கென்று புதிதாகப் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், கிழக்கில் பிள்ளைகள் ஏற்கனவே ஆடிப் பாடிக்கொண்டிருந்ததை ஒருவர் எழுதி எடுத்தார். சிறுவர் இலக்கிய வரலாறுகளில் வசந்தன் கவி நாட்டார் வழக்காற்றியல் பகுதிக்குத் தள்ளப்படுவது எனக்கு உடன்பாடில்லை. ஆடியவன் பிள்ளை என்றால் அது பிள்ளைப் பாட்டுத்தான்.

4. அக்கரை ஒப்பீடு

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. ராயவரத்தில் 1922-இல் பிறந்த அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கி ஊழியர், வாத்தியார் அல்லர். அவருக்கு வகுப்பறை இல்லாத குறையைச் சந்தை தீர்த்தது. ‘மலரும் உள்ளம்’ 1944-இல் நூலாகவே வந்தது. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் எழுந்தது. ஓய்வுக்குப்பின் அவர் ‘கோகுலம்’ ஆசிரியரானார். வாசகன் காசு கொடுத்து வாங்கும் பத்திரிகை இருந்தால், எழுத்தாளன் மனனத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. துப்பறியும் கதை எழுதலாம், தொடர்கதை எழுதலாம்.

அந்தப் பத்திரிகைகள் கடல்தாண்டி வந்தன. ‘அம்புலிமாமா’வில் வாசிப்பைத் தொடங்கிய தலைமுறை இலங்கையிலும் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகை இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது உள்ளூர் எழுத்துக்கு மூச்சு வந்தது என்பார்கள். நாவலுக்கும் சிறுகதைக்கும் அது பொருந்தும். சிறுவர் எழுத்தோ மறுபடியும் பள்ளிக்கூட வாசலில்தான் நின்றது. ‘அம்பி பாடல்’ தந்த இ. அம்பிகைபாகரும் ஆசிரியராகத் தொடங்கிப் பாடநூல் ஆக்கத்துக்குப் போனவரே.

5. கிழக்கின் வாய்

மட்டக்களப்பு மாஸ்டர் சிவலிங்கம் (மறைவு 2022) பத்திரிகையின் சிறுவர் பகுதியிலும் எழுதினார். ஆனால் அவர் பெயர் நின்றது கதை சொன்னதால். குரலை மாற்றி, முகத்தை மாற்றி, உடம்பு முழுவதையும் கதைக்குக் கொடுத்துவிடுகிறவர். கையில் புத்தகம் வேண்டாம். இதைப் புத்தகத்தைப் பிள்ளைகளோடு பகிர்வதாக எண்ணலாமா என்று சிலர் கேட்கக்கூடும். புத்தகம் போய்ச்சேராத இடத்துக்கு ஆள் போய்ச்சேர்ந்தால், பகிர்வு என்று அதைத்தான் சொல்லவேண்டும்.

திருகோணமலை மாவட்டத்துக்குள் ஆலங்கேணி ச. அருளானந்தம் இருக்கிறார். ‘கேணிப்பித்தன்’ என்று ஊரையே புனைபெயராக்கிக்கொண்ட ஆசிரியர். பிள்ளைகளுக்காகத் தொடர்ந்து எழுதியவர். வெருகலுக்கு மிக அருகிலுள்ள உதாரணம் இவர்; இவரும் வாத்தியார்தான்.

6. வெருகலில்

இலவசப் பாடநூல் 1980-இல் தொடங்கியது. அன்றிலிருந்து, வேறெந்தப் புத்தகமும் வாராத வீட்டுக்கும் அரசின் தமிழ்ப் பாடநூல் வருகிறது. சிறுவர் எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய பதிப்பு நாட்டில் இல்லை. இதில் ஒரு சிக்கலும் உண்டு. பாடநூலில் வரும் பாட்டு பரீட்சைக்கு வரும் பாட்டாகிவிடுகிறது. புலவரின் கூழும் கொழுக்கட்டையும் கீறிட்ட இடம் நிரப்புக ஆகிவிடுகின்றன.

மற்ற வழிகளெல்லாம் இங்கே அறுந்து அறுந்துதான் வந்தன. போர் முடியும்வரை மட்டக்களப்பு–திருகோணமலை வீதி துறைக்குத் துறை படகை நம்பியிருந்தது. மாரியில் ஆறு பெருகினால் ஊர் தனித்துவிடும். 2004 டிசம்பரில் சுனாமியாகக் கடல் வந்தது. 2006-இல், போரினால், வெருகலை உள்ளடக்கிய ஈச்சிலம்பற்றின் மக்கள் வாகரைக்கும், பிறகு மட்டக்களப்பு முகாம்களுக்கும் இடம்பெயர்ந்து, 2007-இல் திரும்பத் தொடங்கினார்கள். இடம்பெயரும் குடும்பம் எடுத்துப்போகும் பையில் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும். கதைப் புத்தகத்துக்கு இடமிராது. பாட்டுக்குப் பை தேவையில்லை. மனனத்துக்காகக் கட்டிய எழுத்து இந்த மண்ணில் தாக்குப்பிடித்ததற்கு இதுதான் காரணம், அழகியல் அதற்கு அப்புறம்.

ஆனால் மனனத்தால் எல்லாம் ஆகாது. நெடுங்கதையும் படக்கதையும் கையில் வைத்துப் புரட்டவேண்டியவை. 2005 முதல் இலங்கையில் பணியாற்றும் ‘ரூம் டு ரீட்’ போன்ற நிறுவனங்கள் வகுப்பறை நூலகம், தமிழ்ப் படக்கதை என்று இறங்கியதன் பெறுமதி இங்கேதான். பூட்டிய அலுமாரியை இங்கே நூலகமாகக் கொள்ளமுடியாது. புத்தகம் கிழியட்டும் என்று விட்ட ஆசிரியரிடம்தான் பிள்ளை வாசகனாகிறான். கணக்குக் காட்டவேண்டிய அதிபருக்கு இது வசதியான யோசனையல்ல என்பது தெரியும். கிழிந்த பிரதிகளைக் கழிவாகப் பதிய ஒரு பத்தி ஒதுக்கிவிட்டால் தீரும் காரியம் அது.

எழுதப் பொருளுக்கும் குறைவில்லை. கோயிலின் தென்மதிலைக் கட்டுவித்த கயிலை வன்னியனார் பெயர் அங்கே கல்வெட்டில் இருக்கிறது. படகுத்துறை இருந்தது, இப்போது பாலம் இருக்கிறது. இரண்டையும் கண்ட பெரியவர்கள் ஊரில் இருக்கிறார்கள். பிள்ளைக்கு வாசிக்க நேரம்தான் இல்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் மாதிரி வினாத்தாள் நான்காம் தரத்திலேயே புத்தகப் பையை நிரப்பத் தொடங்கிவிடுகிறது. ஆகவே கதைப் புத்தகத்துக்குக் கிடைப்பது முதல் மூன்று தரங்கள். அவற்றிலும், வாத்தியார் மனம்வைத்து விட்டுக்கொடுக்கும் கடைசிப் பாடவேளை.