இரண்டாம் இருக்கை
(பயிற்சி விமானங்களும் தமிழ்நாட்டு வானமும்)

உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்றுப் பாட்டொன்றில் வான ஊர்தி ஒன்று வருகிறது. அதனைச் செலுத்துவோன் எவனும் இல்லை. புலவரால் பாடப்பெறும் புகழுடையோர் தம் கடமை முடித்தபின் அடையும் ஊர்தி அது. சீவக சிந்தாமணியின் மயிற்பொறியோ இம்மண்ணுக்கு உரியது. கைவினைஞன் ஒருவன் செய்து தந்த அப்பொறியை ஏற்றவும் இறக்கவும் அரசி விசயை பழகிக்கொள்கிறாள். வானில் ஏறக் கற்கவும் வேண்டும் என்பதைத் தமிழ்க் காப்பியம் இவ்வாறு முன்னரே எண்ணிப் பார்த்திருக்கிறது.

அந்தக் கல்வி தமிழ்நாட்டில் மெய்யாகத் தொடங்கியது 1930ஆம் ஆண்டளவில், சென்னை பறக்கும் கழகத்தின் வாயிலாக. அதற்கு ஓராண்டு முன்னர், 1929 பிப்ரவரி 10 அன்று, ஜே.ஆர்.டி. டாட்டா பம்பாயில் விமானி உரிமம் பெற்றிருந்தார். அக்காலப் பறக்கும் கழகங்களில் பெரிதும் புழங்கியவை இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் நிறுவனம் செய்த ‘மாத்’ வகை விமானங்கள். நிறுவனர் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் பூச்சியினங்களில் பெருவிருப்பம் கொண்டவர். ஆதலால் தம் சிறு விமானங்களுக்கு அந்துப்பூச்சிகளின் பெயரையே சூட்டினார். ஜிப்ஸி மாத், புஸ் மாத், லெப்பர்ட் மாத், டைகர் மாத் என அக்குடும்பம் பெருகியது.

மரமும் துணியும்

இவற்றுள் விமானிகளின் நெஞ்சில் நீங்கா இடம் பெற்றது டைகர் மாத். 1931இல் முதன்முதலாகப் பறந்த இந்த இரட்டைச் சிறகு விமானம் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட அளவில் உருவாக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது பேகம்பேட்டிலும் ஜோத்பூரிலும் இயங்கிய தொடக்கப் பயிற்சிப் பள்ளிகளில் இந்திய விமானிகள் பலர் இதிலேயே பறக்கக் கற்றனர்.

மரச் சிறகுகளின் மேல் துணி போர்த்தி, அது விறைப்பாக நிற்க மெருகெண்ணெய் போன்றதொரு பூச்சுப் பூசியிருப்பார்கள். எஞ்சினைக் கிளப்ப ஒருவர் முன்னே நின்று காற்றாடியைக் கையால் சுழற்றிவிட வேண்டும். திறந்த இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு. ஆசிரியர் முன்னே அமர்வார். மாணவர் பின்னே அமர்வார். இருவரும் பேசிக்கொள்ள மின்கருவி ஏதும் இல்லை. ஒரு குழாயில் வாய் வைத்துப் பேச, மறுமுனையில் செவி கொடுத்துக் கேட்டனர். சிறகுகளைப் பிணைக்கும் கம்பிகளில் காற்று எழுப்பும் ஒலியைக் கொண்டே வேகத்தை உணரப் பழகினர். ஒலி தணிந்தால் விமானம் தளர்கிறது, உயர்ந்தால் விரைகிறது. பூச்சின் மணம், முகத்தில் அறையும் காற்று, கம்பிகளின் இசை ஆகியவற்றை முதிய விமானிகள் எந்நாட்டவராயினும் ஒருபடித்தாகவே நினைவுகூர்கின்றனர். பின்னாளில் பெரும் விமானங்களைச் செலுத்தியவர்களும் இந்தச் சிறு விமானத்தையே உருக்கத்தோடு பேசுவது கருதத்தக்கது.

கீழே விரிந்த ஏடு

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு நிலப்படத்தில் நேர்கோடு ஒன்று வரைந்தால், அது பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே செல்லும். தொலைவு ஏறத்தாழ 300 கி.மீ.; டைகர் மாத்தின் வேகத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். வழிகாட்டும் மின்கருவிகள் இல்லாத விமானத்தில் திசைகாட்டியும், கடிகாரமும், மடியில் விரித்த நிலப்படமுமே துணை. எஞ்சியதைத் தரையைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

அவ்வகையில் இந்நிலம் எழுத்துத் தெளிந்த ஏடு. வெள்ளாற்றைக் கடந்ததும் வலப்புறம் பெருஞ்சாலை. அதன் ஓரத்தில் ரஞ்சன்குடிக் கோட்டை. அப்பால் பெரம்பலூர், மேற்கே பச்சைமலையின் நீலத் தொடர். இடப்புறம் விருத்தாசலத்திலிருந்து அரியலூருக்கு இறங்கும் கார்டு லைன் இருப்புப்பாதை. நடுவே கரிசலும், கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்பு நிலமும், ஏரிகளும். டால்மியாபுரத்துச் சிமெண்டு ஆலையின் புகை எப்பக்கம் சாய்கிறதோ, காற்று அப்பக்கம் வீசுகிறது என்று அறியலாம். பின்னர்க் கொள்ளிடத்தின் வெண்மணல், திருவரங்கத் தீவு, மலைக்கோட்டை. அதற்கு மேற்கே, ஓட்டுநர் இல்லாத ஊர்தியைப் பாடிய புலவரின் உறையூர்.

இந்நிலத்தை நடந்து கண்டவர்களும், மாட்டு வண்டியிலும் இரயிலிலும் கடந்தவர்களும் பலர். கோட்டையையும் ஆற்றையும் ஆலையையும் ஒரே பார்வையில், அதுவும் ஊர்களை இனம்பிரித்து அறியும் தாழ்ந்த உயரத்தில், மெதுவாகக் கண்டவர்கள் சிறு விமானத்தில் சென்றவர்களே. இன்று பெருவிமானத்தில் செல்பவருக்கு அங்கே தெரிவது பெரும்பாலும் முகில்தான்.

ஆசிரியர் இறங்கிய நாள்

விடுதலைக்குப் பின் இந்தியாவே பயிற்சி விமானங்களைச் செய்தது. வி.எம். காட்கே வடிவமைத்த எச்.டி.-2, 1951 ஆகஸ்டு 5 அன்று பெங்களூரில் பறந்தது. 1958இல் இராமகாதையின் விமானப் பெயரைத் தாங்கிப் புஷ்பக் வந்தது. அதில் ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமர்ந்தனர். பறக்கும் கழகங்களில் பல தலைமுறையினர் அதில் கற்றனர். பின்னர் செஸ்னா 152 வந்தது. பெண்களும் பின்தங்கவில்லை. சரளா தக்ரால் 1936இல் இலாகூரில் ஜிப்ஸி மாத்தில் தனியே பறந்தார். சென்னையின் உஷா சுந்தரம் 1949இல் பெங்களூர் ஜக்கூர் அரசுப் பள்ளியில் பயிற்சி முடித்தார்.

விமானங்கள் மாறினும் ஒரு நாள் மட்டும் மாறவில்லை. சில சுற்றுகள் முடிந்து தரையிறங்கியதும் ஆசிரியர் இடுப்புப் பட்டையைக் கழற்றி, முன்னறிவிப்பின்றி இறங்கிவிடுவார். “இனி நீயே போ” என்பதே அதன் பொருள். டைகர் மாத்தில் தனியே பறப்பவர் பின்னிருக்கையிலேயே அமர்வதால், அதுவரை கண்ணை மறைத்த ஆசிரியரின் தலை இருந்த இடம் வெறுமையாய்த் தோன்றும். ஓராள் எடை குறைந்த விமானம் எதிர்பார்த்ததைவிட விரைந்து மேலெழும். குழாயில் குரல் வராது. ஆயினும் கை செய்ய வேண்டியதை ஆசிரியரின் சொல் உள்ளிருந்து சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டாம் இருக்கை ஒருநாள் காலியாவதற்கென்றே அமைக்கப்பட்டது. விமானிகள் அச்சிறு விமானத்தின்மீது கொண்ட அன்பின் வேர் இங்கேதான் உள்ளது. தம்மை நம்பி இறங்கிப்போன ஒருவரின் நினைவு அதனோடு பிணைந்திருக்கிறது.

ஜே.ஆர்.டி. 1932 அக்டோபர் 15 அன்று புஸ் மாத்தில் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் கொண்டுவந்தார். ஐம்பதாண்டுகள் கழித்து, 1982இல், தமது 78ஆம் வயதில், பழைய லெப்பர்ட் மாத் ஒன்றில் அதே வழியே மீண்டும் தனித்துப் பறந்தார். பெரும் விமான நிறுவனத்தை வளர்த்தெடுத்தவர் முதுமையில் நாடியதும் சிறு விமானத்தையே.

புகழ் வாய்ந்தோரின் பறப்பு நூல்களில் ஏறிவிட்டது. மற்றவர்க்கு எஞ்சுவது பறப்புக் குறிப்பேடு ஒன்றுதான். அதில் நாள் உண்டு, விமானத்தின் எண் உண்டு, பறந்த மணிக்கணக்கு உண்டு. கொள்ளிடத்து மணல் அந்தக் காலையில் எவ்வாறு ஒளிர்ந்தது என்று எழுத அதில் கட்டம் இல்லை. அதனைக் கண்ட முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். புலவர் பாடும் புகழுடையோர்க்கே வான ஊர்தி என்றார் சாத்தனார். இவர்களோ வாழும்போதே வான ஊர்தியைப் பெற்றவர்கள். இன்னும் பெறாதது பாட்டு ஒன்றே. அதனைத் தருவது கவிஞர் கடன்.