கதோட்டுக்கதிர்க் குழாயும் தட்டைத் திரையும்: வீட்டுக் கணனியின் காட்சிவழி வரலாறு

கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் அவை தோன்றிய கதையையே விரித்துரைப்பர். ஒரு கருவி பிறிதொரு கருவியோடு எவ்வாறு இணைந்து இயங்கிற்று என்பதைக் குறித்து வைப்போர் மிகச் சிலரே. ஆயினும், பல கருவிகள் வழக்கொழிவது பழுதாவதனால் அன்று. அவற்றின் கூற்றை விளங்கிக்கொள்ளும் துணைக்கருவி மறைந்துபோவதனாலாகும். 1980களின் வீட்டுக் கணனி இதற்குத் தக்க சான்று. அக்கணனியை இன்றைய தட்டைத் திரையோடு இணைக்கும்போது தோன்றும் இடர்ப்பாடுகளை வரலாற்று நோக்கில் ஆராய்வதும், அவ்வறிவு எம் பிரதேசத்துக்கு ஏன் வேண்டியது என்பதைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் காலத்தை நோக்குவோம். பிரித்தானியாவில் பிபிசி மைக்ரோ 1981இன் இறுதியிலும், சின்கிளெயர் ஸ்பெக்ட்ரம் 1982 ஏப்ரலிலும் வெளிவந்தன. அமெரிக்காவின் கொமடோர் 64 அவ்வாண்டிலேயே விற்பனைக்கு வந்தது. இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரல் 13ஆந் திகதி தொடங்கியது. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் ஒளிபரப்பை ஆரம்பித்தது. வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி 1981 ஆகஸ்ட் 1இல் தோன்றி, 1986 ஒக்டோபர் 1இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. வீட்டுக் கணனியும், இலங்கைத் தொலைக்காட்சியும், வாவிக்கரை மாவட்டத்தின் உயர்கல்வியும் ஏறத்தாழ ஒரே காலத்தின் பிறப்புக்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது.

வீட்டுக் கணனி மலிவாக விற்கப்பட்டமைக்கு ஒரு முக்கிய காரணம், அது தனக்கெனத் திரையைக் கொண்டிராமையாகும். 16 கிலோபைற்று நினைவகம் கொண்ட ஸ்பெக்ட்ரம் 125 பவுணுக்கு விற்கப்பட்டது. வாங்குவோரின் வீட்டிலிருந்த தொலைக்காட்சிப் பெட்டியே அதன் திரை. எனவே கணனி ஒரு சிறு ஒளிபரப்பு நிலையம்போல் தொழிற்பட வேண்டியதாயிற்று. தான் வரைந்த படத்தை வானொலி அலையில் ஏற்றி, தொலைக்காட்சியின் அலைவரிசை ஒன்றுக்கு, பெரும்பாலும் 36ஆவதற்கு, அது வழங்கியது.

பிரித்தானியாவிலும் இலங்கையிலும் வழங்கிய 'பால்' முறையில் ஒரு முழுப்படம் 625 கோடுகளால் ஆனது. ஒற்றைக் கோடுகள் ஒருமுறையும் இரட்டைக் கோடுகள் மறுமுறையுமாக, செக்கனுக்கு 50 அரைப்படங்கள் வரையப்படும். கோடுகளின் எண்ணிக்கை செக்கனுக்கு 15,625. வீட்டுக் கணனியை அமைத்தோர் இவ்வொழுங்கைச் சுருக்கினர். ஏறத்தாழ 312 கோடுகளை ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் வரைவதே அவர்கள் கையாண்ட உபாயம். ஸ்பெக்ட்ரம் ஒரு படத்துக்கு 69,888 கடிகாரத் துடிப்புக்களைச் செலவிட்டது. அதன் கடிகாரம் 3.5 மெகாஹேர்ட்ஸ் ஆதலால், செக்கனுக்கு 50 அன்றி 50.08 படங்கள் கிடைத்தன. கதோட்டுக்கதிர்க் குழாய் இவ்வேறுபாட்டைப் பொறுத்துக்கொண்டது. சமிக்ஞை இழுத்த வழியே இலத்திரன் கற்றை சென்றது. குழாய்க்கு நினைவும் இல்லை, நியமம் பற்றிய பிடிவாதமும் இல்லை.

தட்டைத் திரையின் இயல்பு வேறு. அதன் புள்ளிகள் நிலையானவை. வரும் சமிக்ஞையை அளந்து, சேமித்து, தன் புள்ளிகளுக்கேற்ப மீள வரைந்தே அது காட்டும். கணனியின் முழுப்படத்தை அரைப்படம் எனக் கொண்டு இரண்டிரண்டாகப் பின்னுவதால், அசையும் உருவங்களின் விளிம்புகள் சீப்பின் பற்கள்போற் சிதறும். 1981இல் வெளிவந்த இசட்எக்ஸ் 81இன் முற்பட்ட பிரதிகளில், ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் கறுப்பு எதுவென உணர்த்தும் சிறு பகுதி விடுபட்டிருந்தது. பழைய பெட்டிகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. புதிய திரைகளோ அவ்விடத்தில் அளவெடுப்பதால் படத்தை இருளடையச் செய்கின்றன. மேசைக் கணனிக்கென ஆக்கப்பட்ட திரைகள் பெரும்பாலும் செக்கனுக்கு 31,000 கோடுகளுக்குக் குறைந்த சமிக்ஞையை ஏற்பதேயில்லை. கணனி செவ்வனே இயங்கும், திரையோ வெறுமையாயிருக்கும்.

எம் நாட்டுக்குரிய இடர் ஒன்றும் உண்டு. பிரித்தானிய முறையில் ஒளிக்கும் ஒலிக்குமிடையே 6 மெகாஹேர்ட்ஸ் இடைவெளி. இங்கு வழங்கிய முறையில் 5.5. ஆகவே, ஒலியைத் தொலைக்காட்சிவழி அனுப்பும் ஸ்பெக்ட்ரம் 128 போன்ற பிரித்தானியக் கணனிகள் இங்குள்ள பெட்டியிற் படத்தைக் காட்டினும் ஒலியை முறையாகத் தரமாட்டா.

இவற்றுக்குத் தீர்வு என்ன? வானொலி அலையில் ஏற்றப்படுமுன் உள்ள காட்சிச் சமிக்ஞையை நேரே பெறுதல் முதற்படி. கொமடோர் 64இல் ஒளிர்வையும் நிறத்தையும் தனித்தனியே பெறலாம். பிபிசி மைக்ரோவில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் பிரித்தே பெறலாம். அடுத்த படி, ஒவ்வொரு கோட்டையும் இருமுறை அனுப்பி 15,625ஐ 31,250 ஆக்கும் இடைக்கருவி. முழுப்படத்தையும் சேமியாமையால் இது தாமதத்தையும் உண்டாக்காது. எனினும் இணைப்புக்கு முன் மின்வழங்கியைச் சோதித்தல் இன்றியமையாதது. கொமடோரின் பழைய மின்வழங்கி பழுதுறின் 5 வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் பாய்ந்து சில்லுகளை அழித்துவிடும். வாவியின் ஈரமும் கடலின் உப்பும் கலந்த காற்றில் இருந்த கருவியாயின் தொடுமுனைகளின் துருவும் நீக்கப்படல் வேண்டும்.

இத்தனை முயற்சி எதற்கு, பழைய கணனியைப் போலச் செய்யும் மென்பொருள்கள் உளவே எனச் சிலர் வினவலாம். அவை பயனுள்ளவையே. ஆயினும் மூல ஏட்டோடு ஒப்புநோக்காத பதிப்பை நாம் நம்புவதில்லை. போலி இயக்கத்தின் செம்மையை அளக்கவும் மூலக்கருவியே உரைகல். ஸ்பெக்ட்ரம் தன்னைக் கையாள்வோர் தாமே வரைந்துகொள்ள 21 எழுத்திடங்களை வழங்கிற்று. தமிழின் உயிரும் மெய்யும் மட்டுமே 30. இத்தகைய இறுக்கத்துள் தமிழைப் பொருத்துவது எத்துணை அரிதென்பதை, அத்திரையைக் கண்ணாற் காண்போரே முற்றாக உணர்வர்.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியிட்ட யாழ்நூல் இங்கு நினைவுகூரத்தக்கது. யாழ் என்னும் பெயர் நூல்களில் இருந்தது. அதன் அமைப்பும் நரம்புகளின் சுருதி முறையும் வழக்கிலிருந்து மறைந்திருந்தன. அவற்றை இலக்கியச் சான்றுகொண்டும் கணிதங்கொண்டும் மீட்க அவருக்குப் பல்லாண்டு உழைப்பு வேண்டியிருந்தது. இணைப்பறிவு அறுந்தபின் மீட்பதன் விலை அது.

1978 நவம்பர் 23இன் சூறாவளியும், 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையும், இடைப்பட்ட போர்க்காலமும் எம் பிரதேசத்தின் எழுத்துச் செல்வங்களுக்கு இழைத்த இழப்புப் பெரிது. எஞ்சியவற்றுள் ஒலிநாடாவோ வட்டோ பழங்கணனியோ கிடைக்குமாயின், அதனைக் குப்பையென ஒதுக்காது, எந்தச் சமிக்ஞை, எந்தக் கம்பி, எந்தத் திரை என்பதையும் சேர்த்துப் பதிவுசெய்தல் வேண்டும். கருவியைக் காப்பது பாதிப் பணியே. அது பேசும் முறையையும் காத்தாற்றான் பணி நிறைவுறும். பல்கலைக்கழக மாணாக்கர் இதனைத் தம் கடமைகளுள் ஒன்றாகக் கொள்வாராக.